மிதந்து போனாங்களா, தெரிஞ்சு போனாங்களா

ஆஸ்திரேலியாவுக்கு முதல் மனுஷங்க எப்படிப் போய்ச் சேந்தாங்கன்னு பசங்களுக்குப் புரியற மாதிரி பதினாறு பக்கம் எழுதிக் குடுங்கன்னு கேட்டாங்க. இது என்னா பெரிய வேலை, ரெண்டு ஞாயித்துக்கெழமை போதும்னு வாயை விட்டுட்டேன். எனக்கு எப்பவும் இந்த வாய்தான் எதிரி. ரெட்டியார்பாளையத்துல ஒரு ஸ்கூல்ல பதினெட்டு வருஷமா வரலாறு எடுக்கறேன், அந்தத் திமிரு வேற. கேட்டவரு பசங்களுக்குன்னு வர்ற ஒரு புத்தக வரிசைக்குப் பொறுப்பா இருக்கற ஒரு பெரியவரு. அவங்க அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்துல சொல்தாவா, அதான் சிப்பாயா, இருந்தவரு, அதனால தெருவுல இன்னமும் சொல்தா வீட்டுக்காரருன்னுதான் சொல்லுவாங்க. என் அவசரத்தைப் பாத்து சிரிச்சுட்டு, ஒரு கட்டு ஜெராக்ஸ் பேப்பரைக் கையில குடுத்து அனுப்புனாரு.

ரெண்டு ஞாயித்துக்கெழமை போச்சு. நாலும் போச்சு. எங்க ஊரு மேட்டுப்பாளையத்துல பேக்டரி ஷிப்டு முடிச்சு வர்ற என் வீட்டுக்காரரு, டைனிங் டேபிள்ல எங்க தட்டு வெக்கறதுன்னு தெரியாம ஜெராக்ஸ் கட்டை நவுத்தி நவுத்தி வெச்சிக்கிட்டு இருந்தாரு.

விஷயம் இதுதான். ரொம்பக் காலத்துக்கு முந்தி உலகம் குளுந்து, தண்ணியெல்லாம் பனியா உறைஞ்சு கெடந்தப்ப, கடல் இப்ப இருக்கறதைவிட ரொம்பக் கீழ இருந்துச்சு. இந்தோனேசியாவுல பாதித் தீவுங்க ஆசியாவோட ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. அந்தாண்ட ஆஸ்திரேலியாவும் நியூகினியும் சேந்து ஒரே நெலம். ஆனா நடுவுல இருந்த கடல் எந்தக் காலத்துலயும் வத்தல. தீவு தீவாத் தாவிப் போனாலும் கடைசியில ஒரு எடத்துல எண்பது தொண்ணூறு கிலோமீட்டர் தண்ணியைத் தாண்டியே ஆவணும். நம்ம ஊர்ல இருந்து காரைக்காலுக்குக் கடல்வழியாப் போற தூரத்துக்குக் கொஞ்சம் கொறச்சல்னு வெச்சிக்குங்க. அம்பதாயிரம் வருஷத்துக்கு முந்தின்னு சில பேரு, இல்ல அறுபத்தஞ்சாயிரம்னு சில பேரு, அதுலயே ஒரு சண்டை ஓடுது. எப்படியோ தாண்டிட்டாங்க.

அந்த எப்படியோலதான் பெரிய சண்டை. ஒரு கட்சி, எல்லாம் தற்செயல்னு சொல்லுது. கரையோரத்துல மூங்கில் தெப்பத்துல மீன் புடிச்சவங்களைப் புயலோ பேரலையோ இழுத்துட்டுப் போயி அந்தாண்ட ஒதுக்கிடுச்சு, அவ்ளோதான். இன்னொரு கட்சி ஒத்துக்கல. மலை மேல நின்னு பாத்தாங்க, அந்தாண்ட காடு எரியற பொகை தெரிஞ்சுது, நெலம் இருக்குன்னு புரிஞ்சுக்கிட்டாங்க, தெப்பம் கட்டி ஆளு சேத்துக்கிட்டுக் கெளம்புனாங்க, அதுவும் பல தடவைன்னு சொல்றாங்க. நாலு பேர் தப்பித் தவறி ஒதுங்கியிருந்தா வம்சம் தழைச்சிருக்காதாம். ரெண்டு கட்சிகிட்டயும் காட்டறதுக்கு ஒரு தெப்பம்கூட இல்ல, எல்லாம் மக்கிப் போச்சு. கெளம்புன கரையும் எறங்குன கரையும் இப்ப கடலுக்கு அடியில கெடக்கு.

கரை கடலுக்குள்ள போறதை எனக்கு யாரும் படம் போட்டுக் காட்ட வேணாம். டவுனுக்கு வடக்கால கடலோரக் குப்பத்துல பொறந்தவ நான். நான் பொறந்த வீடு இருந்த எடத்துல இப்ப பாறாங்கல்லு கொட்டி வெச்சிருக்கு, கல்லுக்கு அந்தாண்ட அலை அடிக்குது. எங்க அப்பா அம்மா நாலு தெரு உள்ள தள்ளி வந்து இப்ப ஒரு மாடி வீட்டுல கீழ்ப் போர்ஷன்ல இருக்காங்க.

அஞ்சாவது ஞாயித்துக்கெழமை எனக்கு மூளைல பல்பு எரிஞ்சுது. எதுக்குக் கண்டவன் உதாரணம்? கடல்ல மிதந்து போயி உயிரோட வந்த ஆளு எங்க வீட்லயே இருக்காரே.

நான் எட்டாவது படிக்கறப்ப நடந்தது. எங்க அப்பா விடியறதுக்கு முன்னாடி பைபர் போட்டை எடுத்துட்டுத் தனியாக் கடலுக்குப் போனாரு. மெஷின் நின்னு போச்சு. ஆறு நாள் கடல்ல மிதந்தாரு. காரைக்கால் பக்கத்துல ஒரு குப்பத்து ஆளுங்க பாத்து இழுத்துட்டு வந்து கரை சேத்தாங்க. ரெண்டு நாள் நெனப்பே இல்லாமக் கெடந்து, ஒம்பதாவது நாள் மீன் லாரில வந்து எறங்குனாரு. அன்னிக்கு எங்க அம்மா வேண்டிக்கிட்டா. அதுல இருந்து வருஷா வருஷம் பங்குனில அவரு வந்து சேந்த நாள் அன்னிக்குக் கடலோரம் பொங்கல். பொங்கப் பானை பக்கத்துல ஒரு புதுக் கொடம், பச்சைப் பிளாஸ்டிக் கொடம், நெறைய நல்ல தண்ணி. அதை வீட்ல இருந்து கரை வரைக்கும் அப்பாதான் தோள்ல தூக்கிட்டு வரணும். அம்மா அந்தத் தண்ணியைக் கடல்ல ஊத்திட்டு, காலிக் கொடத்தை அம்மன் கோயிலுக்குக் குடுத்துடுவா. கோயில் மடப்பள்ளில இருக்கற பச்சைக் கொடமெல்லாம் எங்க வீட்டுதுதான். சின்ன வயசுல எனக்கு இது பொங்கலைவிடப் பெருமை.

அந்தக் கதையோட புத்தகத்தை ஆரம்பிச்சிடலாம்னு முடிவு பண்ணிட்டேன். நோட்டு எடுத்துக்கிட்டு ஸ்கூட்டர்ல அப்பாவைப் பாக்கப் போனேன். ரெண்டு கட்சியோட வாதத்தையும் மொதல்ல சொன்னேன். அவரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கிட்டு ஜட்ஜு மாதிரி கேட்டாரு. எங்க ஆளுங்க வழக்கத்துல பொம்பளைங்க தொழிலுக்குப் போட்ல ஏற மாட்டாங்க இல்ல, அதுலயே மொத அடி அடிச்சாரு. காத்து அடிச்சு இழுத்துட்டுப் போற தெப்பத்துல ஆம்பளைங்க மட்டும்தான் இருந்திருப்பாங்க, ஆம்பளை மட்டும் போயி இறங்கி என்னா பண்றது, அங்க புள்ளைகுட்டி பொறந்திருக்குன்னா பொம்பளை ஏறியிருக்கா, பொம்பளை ஏறுனா அது தெரிஞ்சு கெளம்புனதுதான்னாரு. பேப்பர் பேப்பரா ஆராய்ச்சிக்காரங்க சுத்தி வளைச்சதை மூணு நிமிஷத்துல சொல்லிட்டாரேன்னு எனக்கு ஒரே பூரிப்பு. அப்புறம் ரெண்டாவது சொன்னாரு.

"மிதந்து போறவங்கிட்ட தண்ணி இருக்காதும்மா. தெரிஞ்சு போறவன் தண்ணி இல்லாமக் கெளம்ப மாட்டான். அவன் தண்ணி எடுத்துட்டுப் போனானான்னு மட்டும் பாரு."

அதை அப்படியே எழுதி அடிக்கோடு போட்டேன். போட்டுட்டு, சரிப்பா, இப்ப உன் கதையைச் சொல்லுன்னேன். எந்த மாசம்னு கேட்டேன். அதான் வருஷா வருஷம் பொங்கல் வெக்கறமேன்னாரு. மாசம் பங்குனின்னு எழுதுனேன். குடிக்கத் தண்ணிக்கு என்னா பண்ணேன்னு கேட்டேன். ரெண்டாம் நாளு நல்ல மழை, தார்ப்பாயை விரிச்சுப் புடிச்சு வெச்சிக்கிட்டேன்னாரு. இதை நான் நூறு தடவை கேட்டிருக்கேன், நூறு தடவையும் கண்ணுல தண்ணி வந்திருக்கு. அன்னிக்குத்தான் முதல் தடவையாக் கையில பேனா இருந்துச்சு. பங்குனில மழையான்னு பேனா நின்னு போச்சு.

எப்பவாவது ஒரு கோடை மழை பெய்யும், ஒத்துக்கறேன். அதனால அதை விட்டுட்டு, நீரோட்டம் எந்தப் பக்கம்னு கேட்டேன். கேக்கவே வேணாம், எங்க குப்பத்துல பொறந்த யாருக்கும் தெரியும். மாசி மகம் முடிஞ்சா இந்தக் கடல்ல தண்ணி தெக்க இருந்து வடக்க போவும். மெஷின் நின்னு போன போட்டு மரக்காணத்தைத் தாண்டி மெட்ராஸ் பக்கம்தான் போயிருக்கணும். காரைக்கால் தெக்க இருக்கு. தண்ணியை எதுத்துக்கிட்டு நூறு கிலோமீட்டருக்கு மேல தானா ஒரு போட்டு மிதந்து போவுமா? நான் நோட்டுல இருந்து தலையைத் தூக்குனேன். அப்பா என்னைப் பாக்கல. டீ போடறாளான்னு பாக்கறேன்னு எழுந்து உள்ள போயிட்டாரு. எங்க அம்மா அன்னிக்கு வீட்லயே இல்ல, சந்தைக்குப் போயிருந்தா.

திரும்பி வர்றப்ப ஸ்கூட்டரை எப்படி ஓட்டுனேன்னு தெரியல. நெல்லித்தோப்புகிட்ட சிக்னல்ல நிக்கறப்ப, அவரே சொன்ன அந்தத் தண்ணி விஷயம் மண்டைல வந்து உக்காந்துச்சு. அதோட ஒரு பச்சைக் கொடமும் வந்துச்சு. பொங்கல் கொடம் இல்ல, அதுக்கு முந்தின கொடம். பின்னாடி இருந்தவன் ஆரன் அடிச்சு அடிச்சுக் கடைசியில திட்டிட்டுப் போனான்.

அப்பா காணாமப் போன அன்னிக்குக் காலைல எங்க தெருக் கொழாயடில ஒரு சண்டை. சண்டைன்னா ஒருத்தி மட்டும் போட்ட சண்டை. எங்க அம்மா, சத்தமாப் பேசிக்கூட யாரும் கேட்டிருக்க மாட்டாங்க, அவ நடுத்தெருவுல நின்னு, வாசல்ல வெச்சிருந்த என் பச்சைக் கொடத்தை எவளோ தண்ணியோட தூக்கிட்டுப் போயிட்டான்னு அரை மணி நேரம் கத்துனா. யாரு பேரையும் சொல்லல. தெரு மொத்தமும் வந்து கேட்டுட்டுப் போச்சு. எனக்கு மானம் போன மாதிரி இருந்துச்சு, அதனாலதான் மறக்கல. ஸ்கூலுக்குக்கூட இன்னும் கெளம்பல நானு. மணி ஆறு ஆறரை இருக்கும். போட்டுங்க கரைக்கு வர ஒம்பது பத்தாவும். அப்பா வரலன்னு ஊருக்குத் தெரிஞ்சதே அதுக்கப்புறம்தான்.

வீட்டுக்கு வந்து ஜெராக்ஸ் கட்டைத் தூக்கி அலமாரில அடிச்சேன். எனக்குக் கோவம் வந்துச்சுன்னு சொன்னா பத்தாது. இத்தினி வருஷம் இந்தக் கதையைக் கிளாஸ்ல சொல்லியிருக்கேன், கல்யாணத்துக்கு முன்னாடி என் வீட்டுக்காரருகிட்ட சொல்லி அவரையும் அழ வெச்சிருக்கேன். எங்க அப்பா எங்களை விட்டுட்டு ஓடுனாரா, இல்லையா? எனக்கு அது தெரிஞ்சாவணும். ஆஸ்திரேலியா எக்கேடோ கெட்டுப் போவட்டும்.

நேரா எங்க மாமாகிட்ட போனேன். அம்மாவோட தம்பி. அந்தக் காலத்துல அப்பாவோட அதே போட்ல தொழிலுக்குப் போனவரு, இப்ப துறைமுகத்துல ஐஸ் கடை வெச்சிருக்காரு. அன்னிக்கு நீ ஏன் போவலன்னு கேட்டேன். வலை கிழிஞ்சு கெடக்கு, இன்னிக்குத் தொழில் இல்லன்னு முந்தின நாளே உங்கப்பா சொல்லிட்டாருன்னாரு. ஐஸ் மெஷின் சத்தத்துல கொஞ்சம் குனிஞ்சு, அப்புறம் என் மூஞ்சியைப் பாத்துட்டு, எல்லாத்தையும் சொன்னாரு. கரைல நின்ன போட்டை எடுத்துட்டு வரக் காரைக்காலுக்குப் போனதே அவருதான். கெட்டுப் போச்சுன்னு சொன்ன மெஷின் ஒரே இழுப்புல எடுத்துச்சாம். ஆறு நாள் பட்டினி கெடந்தவன் மூஞ்சியா அது, காரைக்கால் பரோட்டா தின்ன மூஞ்சின்னு சொல்லிட்டு அவரே சிரிச்சாரு. எனக்குச் சிரிப்பு வரல. அப்ப உனக்குத் தெரியுமான்னேன்.

"குப்பத்துல எல்லாருக்கும் தெரியும்மா. கடல்ல இருந்து திரும்பி வந்தவனை எப்படி வந்தேன்னு கேக்கறது நம்ம வழக்கம் இல்ல."

அது நெசம். எங்க ஆளுங்ககிட்ட அப்படி ஒண்ணு இருக்கு. வந்தவனுக்கு சுத்திப் போட்டு, தலையில தண்ணி ஊத்தி, சோறு போடுவாங்க. ஏன் எப்படின்னு கேட்டா கடலம்மா திரும்பக் கூப்புட்டுக்குவான்னு ஒரு பயம். கேக்காம இருந்து இருந்து, எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம் யாருக்கும் தெரியாத விஷயமா ஆயிடுச்சு. கேட்டு எழுதறதையே பொழப்பா வெச்சிக்கிட்டவ நான் ஒருத்திதான் இத்தினி வருஷம் கழிச்சுப் போயிக் கேட்டிருக்கேன்.

மாமா இன்னொண்ணும் சொன்னாரு. மூணு நாள் குப்பமே தொழிலுக்குப் போவாம வடக்கால தேடிக்கிட்டு இருந்துச்சாம். மூணாவது நாள் அம்மா இவரைத் தனியாக் கூப்புட்டு, வடக்கால தேடுனது போதும், காரைக்கால் போற மீன் லாரிக்காரருகிட்ட ஒரு சேதி சொல்லி விடுன்னாளாம். நான் சொல்லி விட்டேன்னு சொல்ல வேணாம், வான்னு சொல்ல வேணாம், நான் அழுவறேன்னும் சொல்ல வேணாம், ஊரு மூணு நாளா வலையைத் தொடாமத் தேடுதுன்னு மட்டும் அவரு காதுல போடச் சொல்லுன்னாளாம். சேதி அவரைத் தேடிப் புடிக்க நாலஞ்சு நாள் ஆச்சுன்னாரு மாமா.

அடுத்த வாரம் அப்பாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போற முறை என்னுது. மருந்து ஊத்தி, அரை மணி நேரம் கண்ணை மூடிக்கிட்டு உக்காருங்கன்னு சொல்லிட்டுப் போனாங்க. பெஞ்சுல பக்கத்துல உக்காந்துக்கிட்டு, மெதுவா, அன்னிக்கு நீ தண்ணி எடுத்துட்டுப் போனியாப்பான்னு கேட்டேன். இப்படிக் கண்ணு தெரியாத நேரமாப் பாத்துக் கேக்கறோமேன்னு எனக்கே அசிங்கமா இருந்துச்சு. கேட்டுட்டேன்.

கண்ணைத் தொறக்காமயே சொன்னாரு. காரைக்கால்ல ஒரு சேக்காளி பெரிய போட்ல வேலை இருக்கு வான்னு கூப்புட்டுக்கிட்டே இருந்தானாம். யாரு மேலயும் கோவம் இல்லையாம். வீட்ல ஒரு கொறையும் இல்லையாம். தெனமும் அதே கரையில எறங்கறது ஒரு நாளு போதும்னு ஆயிடுச்சாம். ரெண்டு கேன் டீசல், ஒரு கொடம் தண்ணி. சாயங்காலமே காரைக்கால் போயிட்டாராம். மழை, தார்ப்பாய் எல்லாம் திரும்பி வர்றப்ப லாரில உக்காந்து யோசிச்சதாம். திரும்பி வர்ற எண்ணம் இருந்துச்சான்னு கேட்டேன். இல்லன்னாரு.

"அப்ப நானு?"

"நீ முழிச்சிருந்தா கெளம்ப முடியாதுன்னுதாம்மா நீ தூங்கறப்பவே கெளம்புனேன்."

ஓன்னு அழணும் போல இருந்துச்சு, அழுதுட்டேன். அவரு கண்ணு மூடியிருந்ததால கையை நீட்டித் தடவித் தடவி என் முழங்கையைப் புடிச்சாரு. அப்புறம் கெஞ்சற மாதிரி ஒண்ணே ஒண்ணு கேட்டாரு, உங்கம்மாவுக்கு மட்டும் தெரிய வேணாம், இத்தினி வருஷம் சாமியை நம்பிப் பொங்கல் வெச்சிக்கிட்டு இருக்கான்னு. எனக்கு வந்த அழுவையிலயும் ஒரு பக்கம் சிரிப்பு வந்துச்சு. நர்சு வந்து, மருந்து ஊத்தியிருக்கு, கண்ணை ஈரம் பண்ணக் கூடாதுன்னு அவரைப் பாத்துத் திட்டுனாங்க.

அவரை வீட்ல விட்டுட்டு அம்மாவைத் தேடிப் பின்கட்டுக்குப் போனேன். அருவாமனையில சங்கரா மீனு நறுக்கிக்கிட்டு இருந்தா. அப்பா முன்னாடி ரூம்ல படுத்துட்டாரு. நான் சுத்தி வளைக்கல. அன்னிக்குக் காலைல கொழாயடில கத்துனியே, எதுக்குன்னேன். தலையைத் தூக்காம, தெரிஞ்சுபோச்சான்னா. அவ்ளோதான். அஞ்சு மணிக்கு எழுந்து வாசலைப் பாத்தப்ப தண்ணிக் கொடமும் இல்ல, டீசல் கேன் ரெண்டும் இல்ல, அப்பவே புரிஞ்சுபோச்சாம், காரைக்கால் சேக்காளி கூப்புட்டுக்கிட்டு இருந்தது அவளுக்கும் தெரியுமாம். தொழிலுக்குப் போறவரு ஒரு பாட்டில் தண்ணிதான் எடுத்துட்டுப் போவாரு. கொடம் எங்கன்னு எவளாவது கேட்டா என்னா சொல்றது, அதான் கேக்கறதுக்கு முன்னாடியே திருடு போச்சுன்னு கத்தி வெச்சேன்னா. கேனை யாரும் கவனிக்கல. ஓடிப்போனவன் பொண்டாட்டின்னு அவளைச் சொல்றதைவிட, ஓடிப்போனவன் பொண்ணுன்னு என்னைச் சொல்லுவாங்களேன்னு நெனச்சாளாம்.

இந்த வாய் சும்மா இருக்குமா? எல்லாம் தெரிஞ்சும் எதுக்கு வருஷா வருஷம் பொங்கல்னு கேட்டேன்.

"போனதுக்கா வெக்கறேன்? வந்ததுக்குத்தானே வெக்கறேன்."

பச்சைக் கொடம்னு ஆரம்பிச்சேன். அது எனக்குன்னு சொல்லிட்டு, மீனை அள்ளிச் சட்டில போட்டா.

புத்தகத்தை எழுதி முடிச்சேன். அப்பா கதையைச் சேக்கல. அச்சுல வந்தா நாளைக்கு எவனாவது என்னை மாதிரி பேனாவோட உக்காந்து மாசத்தையும் நீரோட்டத்தையும் கூட்டிப் பாப்பான். பொம்பளை விஷயத்தையும் தண்ணி விஷயத்தையும் மட்டும் ஒரு மீன்காரரு சொன்னதுன்னு போட்டேன். சொல்தா வீட்டுப் பெரியவரு படிச்சுட்டு, அலோர்னு பிரெஞ்சுல இழுத்து, அப்ப நீங்க எந்தக் கட்சி, கடைசி வரைக்கும் சொல்லவே இல்லையேன்னாரு. கெளம்புனதைப் பத்தியே இவ்ளோ பேரு சண்டை போடறாங்க சார், அங்க போயி இறங்குன மறுநாள் திரும்பிடலாமான்னு யாராவது ஒருத்தன் நெனச்சிருப்பான் இல்ல, அவனை எது நிறுத்துச்சு, இல்ல எது திருப்பி அனுப்புச்சுன்னு எந்தப் பேப்பர்லயும் இல்லையேன்னேன். பசங்க புத்தகத்துக்கு அது வேணாம்னு அந்தப் பத்தியை அடிச்சுட்டாரு.

போன பங்குனில பொங்கல் வந்துச்சு. எப்பவும் போல அம்மா கொடம் வாங்கித் தேய்ச்சுக் கழுவி, நல்ல தண்ணி புடிச்சு வாசல்ல வெச்சா. பச்சைக் கலரு. அப்பா துண்டைச் சுருட்டித் தோள்ல வெச்சிக்கிட்டுக் குனிஞ்சாரு. அவருக்கு இப்ப எழுவது ஆவுது, இத்தினி வருஷத்துல ஒரு தடவைகூட அந்தக் கொடத்தை என் வீட்டுக்காரரு தூக்க அம்மா விட்டதில்ல. அன்னிக்கும் அவரு கை குடுக்கப் போனாரு, விடுங்க, அவரு தூக்கட்டும்னு சொல்லிட்டா. சொல்லிட்டு அரிசிக் கூடையை இடுப்புல வெச்சிக்கிட்டு முன்னாடி நடந்தா.

அப்பாகிட்ட ஒண்ணும் சொல்லக் கூடாதுன்னு நெனச்சுக்கிட்டுத்தான் போனேன். ஆனா கண் ஆஸ்பத்திரி பெஞ்சு என் நெஞ்சுலயே இருந்துச்சு. நான் தூங்கறப்ப கெளம்புன மனுஷனாச்சே. கொஞ்சம் வலிக்கட்டும்னு ஒரு எண்ணம், பொய் சொல்ல மாட்டேன்.

"அப்பா, அன்னிக்கு நீ எடுத்துட்டுப் போன கொடம் என்னா கலரு?"

கொடம் பாதித் தோளுக்கு வந்திருந்துச்சு. அப்படியே நின்னுட்டாரு. தோள்ல இருக்கற கொடத்தை அண்ணாந்து பாத்தாரு, முன்னாடி போற அம்மா முதுகைப் பாத்தாரு. இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல அதைத் தூக்கியிருக்காரு, ஏன் எப்பவும் பச்சைன்னு ஒரு தடவைகூட அவருக்குத் தோணல. மிதந்து போனவங்கிட்ட தண்ணி இருக்காதுன்னு எனக்குப் பாடம் சொன்னவரு. கொடத்தைத் தோள்ல ஏத்திக்கிட்டு நடந்தாரு. எப்பவும் வழியில ரெண்டு எடத்துல எறக்கி வெச்சு மூச்சு வாங்குவாரு, அன்னிக்கு எறக்கல.

பாறாங்கல்லுக்கு நடுவுல கொஞ்சம் மணல் இருக்கற எடத்துல பொங்கல் பொங்குச்சு. மாமா வந்திருந்தாரு, குப்பத்துல இருந்து நாலஞ்சு குடும்பமும் வந்திருந்துச்சு. படையல் முடிஞ்சு அம்மா தண்ணியைக் கடல்ல ஊத்தக் கொடத்துல கை வெச்சா. அப்பா கொடத்தை விடல. எல்லாரும் இருக்கறப்பவே சொன்னாரு.

"தண்ணி நான்தான் எடுத்துட்டுப் போனேன்."

ஒருத்தரும் என்னான்னு கேக்கல. மாமா வேற எங்கயோ பாத்துக்கிட்டு வேட்டியை இறுக்கிக் கட்டுனாரு. அம்மா அவரைக் கொஞ்ச நேரம் பாத்தா. அவ மூஞ்சில அழுவையும் இல்ல, சிரிப்பும் இல்ல.

"தெரியும். எலை போட்டாச்சு, உக்காருங்க."

அவரு உக்காந்தாரு. அம்மாவே பொங்கல் வெச்சா, எப்பவும் வெக்கற அளவுதான். அவரு தலையைக் குனிஞ்சுக்கிட்டுச் சாப்புட்டாரு, எலையில தண்ணி சொட்டறது எனக்குத் தெரிஞ்சுது. நானும் பக்கத்துல உக்காந்துட்டேன். கடல்ல ஊத்த வேண்டிய தண்ணியை அம்மா அன்னிக்கு ஊத்தல. சொம்புல மோந்து மோந்து எல்லாருக்கும் குடிக்கக் குடுத்தா, முதல் சொம்பு அவருக்கு.

கொடத்தைக் கோயிலுக்கும் குடுக்கல. திரும்பி வர்றப்ப காலிக் கொடத்தை அவளே இடுப்புல வெச்சிக்கிட்டு வீட்டுக்கு எடுத்துட்டு வந்தா. இப்ப அது அவங்க சமையல்கட்டுல இருக்கு. தெனமும் காலைல அப்பா தண்ணி புடிச்சு ரொப்பி வெக்கறாரு.